கற்பூரமும் இதயமும்: ஒரு மருந்தின் சமூக வரலாறு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வெற்றிபெற்ற மருந்துகளின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். அம்மைப்பால், கொயினா, பெனிசிலின் எனத் தொடரும் அவ்வரிசையில், ஒரு காலத்தில் உயிர்காக்கும் மருந்தென்று உலகெங்கும் போற்றப்பட்டுப் பின்னர் ஓசையின்றிக் கைவிடப்பட்டவற்றுக்கு இடமில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் அறிவை எவ்வாறு ஆக்கிக்கொள்கின்றது, எவ்வாறு திருத்திக்கொள்கின்றது என்பதை அறிய விழைவோருக்கு வெற்றிகளைவிடக் கைவிடப்பட்டவையே கூடுதலாகக் கற்பிக்கின்றன. ஒரு மருந்து எத்தகைய உலகநோக்கின் அடிப்படையில் நம்பிக்கை பெற்றது, எவ்வகை வாணிப, உற்பத்தி உறவுகள் அதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டு சேர்த்தன, எக்காரணங்களால் அது அகற்றப்பட்டது ஆகிய வினாக்களை ஒருசேர எழுப்புமிடத்தே மருத்துவ வரலாறு சமூக வரலாறாகின்றது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் கற்பூரம். கோயிலிலும் வீட்டிலும் ஏற்றப்படும் பொருளாகவே அதனை நாம் பெரிதும் அறிவோம். அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இதயத்துக்குரிய மருந்தாகக் கருதப்பட்டது என்பதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய வைத்தியசாலைகளில் இதயம் தளர்ந்தோருக்கு ஊசிவழி ஏற்றப்பட்டது என்பதும் பலர் அறியாதவை. வாசனை எண்ணெய்கள் இதயத்தைக் காக்கும் என்னும் கூற்று இன்று புதிய வேடத்தில் சந்தைக்கு வந்திருக்கும் நிலையில், இவ்வரலாற்றை மீட்டுப்பார்ப்பது பயனுடைத்து.

பெயரும் பொருளும்

தாவரங்களின் பட்டை, இலை, மரம், வேர் ஆகியவற்றை நீராவியுடன் காய்ச்சி வடிக்கும்போது பிரிந்துவரும் நறுமண எண்ணெய்களை ஆவியெண்ணெய்கள் எனலாம். ஐரோப்பிய மொழிகளில் அவற்றுக்கு வழங்கும் பெயர் 'சாரம்' என்னும் பொருள்படும் சொல்லினடியாகப் பிறந்தது. நாற்பூதங்களுக்கும் அப்பாற்பட்ட ஐந்தாவது சாரமொன்று பொருள்களினுள்ளே உறைகின்றது. அதனைப் பிரித்தெடுப்பதே மருந்தாக்கம் என்னும் இரசவாதக் கொள்கை, பதினாறாம் நூற்றாண்டின் பரசெல்சசு போன்றோரிடம் வலுப்பெற்றிருந்தது. அக்கொள்கையின் எச்சமே அப்பெயர். உடலுக்கு இன்றியமையாதவை என்னும் கருத்து அதில் இல்லை. இன்று விளம்பரங்களில் அப்பெயரே ஒரு மருத்துவச் சான்றிதழ்போல் எடுத்தாளப்படுவதால் இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

கற்பூரம் இவ்வெண்ணெய்களோடு சேர்ந்து வடிந்து, குளிர்ந்தவுடன் பளிங்காய் உறையும் பதார்த்தமாகும். வரலாற்றில் 'கற்பூரம்' என்னும் ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் வழங்கிவந்தன. ஒன்று, சுமாத்திரா, போர்னியோ ஆகிய தீவுகளில் வளரும் உயர்ந்த காட்டு மரமொன்றின் வயிரப்பகுதியில் தானாகவே உறைந்து கிடப்பது. இரசாயனவியலார் இதனைப் போர்னியோல் என்பர். மற்றையது, சீனா, தாய்வான், யப்பான் ஆகிய நாடுகளில் வளரும் மரத்தின் சீவல்களைக் காய்ச்சி வடித்துப் பெறுவது. இவ்விரண்டாவது மரம் நமது கறுவாவின் நெருங்கிய இனமாகும். இலங்கைக் கறுவாவின் தண்டுப்பட்டை எண்ணெயில் சின்னமால்டிகைட்டும், இலை எண்ணெயில் யூஜெனோலும் மிகுந்திருக்க, வேர்ப்பட்டை எண்ணெயில் மிகுந்திருப்பது கற்பூரமே.

வாணிகத் துறையில்

சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ், கற்பூரத்தின் பெயரோடு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்த துறைமுகம். அராபியர் அதனைப் பன்சூர் என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவினைக் கண்ட மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார்.

இத்துறைமுகத்தோடு தமிழ் வணிகர் கொண்டிருந்த தொடர்பிற்குக் கல்லிலேயே சான்றுண்டு. பாருஸை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ச் சாசனம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088 ஐச் சேர்ந்தது. நீலகண்ட சாஸ்திரி 1932 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, வந்திறங்கும் மரக்கலத்தார் செலுத்தவேண்டிய பொன்னைக் கஸ்தூரியின் விலையை அடியொற்றி விதித்தமையை அது கூறுகின்றது. சாசனம் பேசுவது கஸ்தூரியைப் பற்றியே என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், வாசனைப் பொருள்களுக்குப் பேர்போன அக்கரையில் தமிழ் வணிகர் ஓர் அமைப்பாக நிலைகொண்டிருந்தமைக்குக் கற்பூரம் முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனக் கொள்வது பொருத்தமானதே. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் கருப்பூர வகைகளைத் தொகுத்துரைக்குமிடத்து வாரோசு, சீனச்சூடன் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. முன்னது பாருஸையும் பின்னது சீனத்தையும் சுட்டுவன என்பது வெளிப்படை. உரையாசிரியரின் சொற்பட்டியல் ஒரு கடல்வழி வாணிபத்தின் சரக்குப் பட்டியலாகவும் அமைந்துவிடுகின்றது.

இவ்வாறு தொலைவிலிருந்து வந்து பொன்விலை பெற்ற பொருளொன்று, பெறுதற்கரியது என்பதாலேயே உயர்ந்த மருந்தாகவும் எண்ணப்படுவது பழைய சமுதாயங்களில் இயல்பு. கற்பூரம் அரண்மனைகளிலும் ஆலயங்களிலும் புழங்கிய பின்னரே வைத்திய நூல்களில் உயரிடம் பெற்றது எனக் கருத இடமுண்டு.

நறுமணமும் உயிர்மூச்சும்

கற்பூரத்தை இதயத்தோடு கோட்பாட்டு ரீதியாக இணைத்தோருள் தலையாயவர் இப்னு சீனா ஆவார். 1037 இல் மறைந்த இப்பேரறிஞர் இதய மருந்துகள் குறித்துத் தனி நூலொன்றை இயற்றினார். இதயமே உயிர்மூச்சின் பிறப்பிடம். மகிழ்ச்சியும் அச்சமும் துயரமும் அவ்வுயிர்மூச்சின் நிலைமாற்றங்கள். நுண்மையும் ஒளியும் வாய்ந்த அதனை வலுவூட்டவல்லவை, அதனை ஒத்த நுண்மை கொண்ட நறுமணங்களே என்பது அவர்தம் வாதத்தின் சாரம். கற்பூரம் அவ்வகை மருந்துகளுள் ஒன்றாகவும், குளிர்ச்சித் தன்மையால் வெப்பம் மிக்க உடல்வாகினர்க்கு ஏற்றதாகவும் எண்ணப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லனோவா ஆர்னல்டு இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியர் 'கோடியல்' என அழைத்த பானங்களின் பெயரும் இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே.

இக்கோட்பாட்டை இன்று எள்ளி நகைப்பது எளிது. ஆனால் அது வரலாற்றுணர்வாகாது. குருதி சுற்றியோடுகின்றது என்பதை வில்லியம் ஹார்வி 1628 இல் நிறுவுமுன்னர், இதயம் ஓர் உந்துகருவி என்ற எண்ணமே உருப்பெற்றிருக்கவில்லை. முகர்ந்தவுடன் நெஞ்சு விரிவதும், மயங்கியவர் விழிப்பதும் கண்கூடான அனுபவங்கள். அவ்வனுபவங்களை இப்னு சீனா தம் காலத்து உடலியலின் துணைகொண்டு முரணின்றி விளக்கினார். பின்வந்த இடர்ப்பாடு வேறிடத்திலிருந்து எழுந்தது: ஹார்வியின் பின்னர் அவ்வுடலியல் வீழ்ந்தது, அதன்மீது கட்டப்பட்ட மருந்தோ வீழவில்லை. அடித்தளம் அகன்ற பின்னரும் கட்டடம் மேலும் முந்நூறு ஆண்டுகள் நின்றமை எவ்வாறு என்பதே நம் ஆய்வின் மையவினா.

ஊசிமுனையில் கற்பூரம்

1853 அளவில் தோலின்கீழ் ஊசியேற்றும் முறை தோன்றியதும் கற்பூரம் புத்துயிர் பெற்றது. எண்ணெயில் கரைத்த கற்பூரம், இதயமும் சுவாசமும் தளர்ந்து சாவின் விளிம்பில் கிடப்போர்க்கு ஏற்றப்படும் மருந்தாயிற்று. 1910 இல் அஸ்தாப்போவோ புகையிரத நிலையத்தில் நியுமோனியாவினால் உயிருக்குப் போராடிய எழுத்தாளர் லியோ தோல்ஸ்தோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சைகளுள் கற்பூர ஊசியும் ஒன்று. உலகமே செய்தி எதிர்பார்த்திருந்த அப்படுக்கையருகே மருத்துவர்கள் தம் காலத்தின் ஏற்கப்பட்ட முறையையே கையாண்டனர்.

இந்நம்பிக்கைக்குப் பரிசோதனைச் சாயலும் இருந்தது. குளோரல் போன்ற நஞ்சினால் தளர்வுற்ற தவளை இதயம் கற்பூரத்தினால் மீளத் துடித்தமையை ஆய்வுகூடங்கள் கண்டன. எனினும், தவளையிலிருந்து நோயுற்ற மனிதனுக்குத் தாவிய இம்முடிபு, இடைப்பட்ட படிகளை எல்லாம் கடந்து சென்றுவிட்டது. பாலூட்டிகளிலும் மனிதரிலும் கிடைத்த பெறுபேறுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே அமைந்தன.

அவ்வாறாயின், அனுபவமிக்க மருத்துவர்கள் அது பயன்தரக் கண்டோம் என்று கூறியது எவ்வாறு? மூன்று காரணங்களை நாம் சுட்டலாம். முதலாவது, கற்பூரம் தோலிலும் மூச்சுப்பாதையிலுமுள்ள வெப்ப, தட்ப உணர்வு நரம்புகளைத் தூண்டுவது. காற்று எளிதாய் உட்செல்வதான உணர்வு அதனால் உண்டாகின்றது. உணர்வு மெய், ஆனால் இதயத்தின் வலிமை கூடிற்று என்பதற்கு அவ்வுணர்வு சான்றாகாது. இரண்டாவது, அக்காலத்து நியுமோனியாவின் போக்கு. நுரையீரற் சோணையைப் பற்றும் அந்நோயில் ஏறத்தாழ ஒரு வாரத்தின்பின் காய்ச்சல் திடீரெனத் தணிந்து நோயாளி தாமாகவே தேறுவதுண்டு. அத்திருப்பத்திற்கு முன்னிரவில் ஏற்றப்பட்ட எம்மருந்தும் புகழ்பெறும். தேறாதோர் விடயத்தில் நோயே பழியேற்கும். மூன்றாவது, கையறுநிலை. சாகும் மனிதனின் அருகே நிற்கும் மருத்துவருக்கு ஏதேனும் செய்தாகவேண்டிய சமூகக் கட்டாயம் உண்டு. மருந்தின் மணம் அறை முழுதும் பரவும்போது, செய்யத்தக்கது செய்யப்பட்டது என்பதைச் சுற்றத்தாரும் அறிந்துகொள்வர்.

இதற்கு மாறானதொரு முன்மாதிரி அன்றே இருந்தது. 1785 இல் வில்லியம் விதரிங் டிஜிற்றாலிசு என்னும் மூலிகை பற்றி எழுதியபோது, தாம் மருந்தளித்த 163 நோயாளர் விபரங்களைத் தேறியோர், தேறாதோர் என்ற பாகுபாடின்றி வெளியிட்டார். அளவு மிகின் நஞ்சாகும் என்பதையும் விளக்கினார். அதுவும் நாட்டு மருத்துவத்திலிருந்து பெறப்பட்ட மூலிகையே. எனவே மேலை மருந்து, கீழை மருந்து, மூலிகை, இரசாயனம் என்னும் பிரிவுகளால் இவ்விரு மருந்துகளின் வேறுபட்ட கதியை விளக்கவியலாது. தோல்விகளையும் எண்ணிக் கணக்கிடும் முறை ஒன்றுக்கு வாய்த்தது, மற்றதற்கு வாய்க்கவில்லை.

காட்டிலிருந்து குப்பிவரை

வைத்தியசாலையில் ஒரு குப்பியாகக் காட்சியளித்த இம்மருந்தின் பின்னே இருந்த உற்பத்தி உறவுகளை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்பூரத்தின் தலையாய ஊற்று தாய்வானின் மலைக்காடுகள். சீன அரசின் கற்பூர ஏகபோகத்தைத் தகர்க்க 1868 இல் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அன்பிங் துறையைத் தாக்கின; ஏகபோகம் நீக்கப்பட்டது. 1870 அளவில் அமெரிக்காவில் ஹையற் சகோதரர்கள் கற்பூரத்தைச் சேர்த்துச் செலுலோயிட்டை ஆக்கியதும் அதன் கேள்வி பன்மடங்காயிற்று. சீப்பு, பொம்மை, நிழற்படச் சுருள், பின்னர் சினிமாப்படச் சுருள் யாவும் கற்பூரத்தை வேண்டின. மருந்துக்கென்று புகழப்பட்ட பொருளின் பெரும்பகுதி கைத்தொழிற் கச்சாப்பொருளாயிற்று.

1895 இல் தாய்வானைக் கைப்பற்றிய யப்பான் 1899 இல் அங்குக் கற்பூர ஏகபோகத்தை நிறுவியது. மரங்கள் நின்ற மலைகளோ அத்தயால் முதலிய ஆதிக்குடிகளின் தாயகம். காவலரண் கோடுகள் ஆண்டுதோறும் மலையினுள் நகர்த்தப்பட்டன. 1910 முதல் 1914 வரை ஆளுநர் சகுமா நடாத்திய படையெடுப்புகளில் ஊர்கள் அழிந்தன, மக்கள் அடக்கப்பட்டனர். காட்டினுள் சிறுகொட்டில்களில் மரம் சீவி, அடுப்பெரித்து, கற்பூரம் வடித்த கூலித் தொழிலாளரும் இருதரப்பு மோதலில் உயிரிழந்தனர். ஐரோப்பாவில் ஒரு நோயாளியின் இதயத்தை மீட்கும் என எண்ணப்பட்ட சில துளிகளின் பின்னால் இத்தகைய இரத்தக் கணக்கு இருந்தது.

ஏகபோக விலை மாற்றுவழிகளைத் தூண்டிற்று. 1903 இல் பின்லாந்து அறிஞர் கொம்பா கற்பூரத்தை முழுமையாகத் தொகுத்து ஆக்கினார். ஜேர்மன் கைத்தொழில், பைன் மரப் பிசினிலிருந்து பெறும் தெர்பந்தைலத்தை மூலப்பொருளாக்கியது. இன்று நாம் ஏற்றும் கற்பூரத்தின் பெரும்பகுதி இவ்வழி வந்ததே. சுமாத்திராக் காட்டினதும் அன்று, தாய்வான் மலையினதும் அன்று. தொன்மையின் சின்னமாக நாம் கருதும் பொருள், இருபதாம் நூற்றாண்டு இரசாயனக் கைத்தொழிலின் பிள்ளையாக இருப்பது சிந்திக்கத்தக்கது.

வீழ்ச்சி

கற்பூரம் நீரில் எளிதிற் கரையாமை மருத்துவர்க்கு ஓர் இடையூறு. 1920 களில் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் கொரமின் என்னும் மருந்தையும், ஜேர்மனியின் நொல் நிறுவனம் கார்டியசோல் என்னும் மருந்தையும் நீரிற் கரையும் மாற்றுகளாக வெளியிட்டன. இரு பெயர்களும் இதயத்தைக் குறிக்கும் சொற்களை உட்கொண்டவை. ஆனால் இரண்டும் முதன்மையாகத் தாக்கியது மூளையையும் நரம்புத் தொகுதியையுமே.

இவ்வுண்மை வெளிப்பட்ட விதம் விசித்திரமானது. 1934 சனவரியில் புடாபெஸ்தில் மெதுனா என்னும் உளநோய் மருத்துவர், வலிப்பை வேண்டுமென்றே வருவித்து உளப்பிளவு நோயைத் தணிக்கலாம் என்ற கருத்தினால் நோயாளியொருவருக்கு ஏற்றியது அதே கற்பூர எண்ணெயைத்தான். விரைவில் அவர் கார்டியசோலுக்கு மாறினார். இதயத்தைத் தேற்றும் என்று ஒரு விடுதியில் ஏற்றப்பட்ட மருந்து, மற்றொரு விடுதியில் வலிப்பை உண்டாக்கப் பயன்பட்டது. அளவிலன்றித் தன்மையில் அவை வெவ்வேறு மருந்துகளல்ல.

1930 களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், தொடர்ந்து பெனிசிலினும் நியுமோனியாவின் வேரையே தாக்கியபோது கற்பூர ஊசிக்கு இருந்த களம் மறைந்தது. எவரும் அதனை ஒரே நாளில் மறுத்துரைத்து வீழ்த்தவில்லை. அது தேவையற்றதாகி உதிர்ந்தது. வீட்டுப் பாவனையில் எஞ்சிய கற்பூர எண்ணெய், விளக்கெண்ணெயென மயங்கிக் குழந்தைகளுக்குப் பருக்கப்பட்டு நஞ்சானமையால், 1982 இல் ஐக்கிய அமெரிக்கா அதன் விற்பனையைத் தடைசெய்தது. ஏனைய மேற்பூச்சுகளில் கற்பூரம் நூற்றுக்குப் பதினொரு பங்கிற்கு மேற்படலாகாதெனவும் விதித்தது.

இன்றைய நிலை

1937 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் கத்தபொசே நறுமண மருத்துவத்துக்குப் பெயரிட்டு நூலெழுதினார். அதன் வழிவந்த வணிகம் இன்று லவண்டர், பேகமொட் முதலிய எண்ணெய்கள் குருதி அமுக்கத்தைக் குறைக்கும், இதயத்தைக் காக்கும் என்கின்றது. இக்கூற்றை முற்றாகத் தள்ளிவிடுதலும் விஞ்ஞான நோக்காகாது. மனம் அமைதியுறும்போது நாடித் துடிப்பும் குருதி அமுக்கமும் சிறிது தாழ்வது இயல்பே. ஆனால் சற்றுநேரத் தாழ்வு வேறு, மாரடைப்பைத் தடுத்தல் வேறு. மேலும், மணத்தை மறைக்கவியலாமையால், பெறுவது மருந்தா வெறும் எண்ணெயா என்பதை நோயாளி அறியாவண்ணம் ஒப்பீடு செய்தல் கடினம். கற்பூரத்தைக் காத்த அதே மணமே இவ்வெண்ணெய்களையும் காக்கின்றது.

இவ்விடத்தில் 2012 இல் தாய்வானிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. நறுமண நிலையங்களில் வேலைசெய்யும் நலமுள்ள இளைஞர் நூற்றுவரைப் பேகமொட் எண்ணெயின் ஆவியில் இரண்டு மணிநேரம் இருத்தி அளவிட்டபோது, முதல் ஒரு மணிநேரம்வரை குருதி அமுக்கமும் இதயத் துடிப்பும் குறைந்தன. அதன்பின் அவை இரண்டும் உயர்ந்தன. ஓர் ஆய்வினைக்கொண்டு முடிவுகட்டுதல் தகாது. எனினும் அது எழுப்பும் சமூக வினா தெளிவானது. ஒரு மணிநேரம் தங்கி இளைப்பாறிச் செல்பவர் வாடிக்கையாளர்; நாள் முழுதும் அவ்வாவியை உட்கொள்பவர் தொழிலாளி. நன்மை ஒருவருக்கும் சுமை மற்றொருவருக்குமாகப் பங்கிடப்படுவதைத் தாய்வான் மலைகளில் ஒருமுறை கண்டோம்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களுள், இதயத்தசைக்குக் குருதி குறைவதால் வரும் நோய் முதன்மை இடம்பெற்று வருகின்றது. நெஞ்சுவலி தோன்றியபின் கழியும் ஒவ்வொரு நாழிகையும் இதயத்தசையை அழிக்கின்றது. அந்நாழிகைகளில் நெஞ்சில் தைலம் தடவிக் காத்திருப்போர் பெரும்பாலும் நகரத்து வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழும் உழைப்பாளரே. அவர்தம் செயலை அறியாமை என்று மட்டும் கூறிவிடலாகாது. பேருந்தும் மருத்துவரும் இலகுவிற் கிட்டாத இடத்தில் தைலக் குப்பி மட்டுமே கைக்கெட்டுவதாக உள்ளது. அன்று சாவுப்படுக்கையருகே நின்ற ஐரோப்பிய மருத்துவரும் இதே கையறுநிலையில்தான் கற்பூர ஊசியை எடுத்தார்.

ஆகவே, முன்னோர் அறிந்தனர் என்று முழங்குவதும், மேலைநாட்டார் ஏற்றனர் என்று பணிவதும் இவ்வரலாற்றின் முன் ஒருங்கே நிலைகுலைகின்றன. கற்பூரத்தை முன்னோரும் ஏற்றனர். மேலை ஆய்வுகூடமும் ஏற்றது. இருவரும் ஏற்றமையால் அது இதயத்தின் மருந்தாகிவிடவில்லை. பண்டைய வைத்தியச் சுவடிகளைப் பதிப்பிப்போரும், மூலிகை எண்ணெய்களை ஆராய்வோரும் விதரிங்கைப்போல் தேறாதோரின் கணக்கையும் உடன் எழுதத் தலைப்படல் வேண்டும். அக்கணக்கு எழுதப்படும் அதே வேளையில், நெஞ்சுவலி கண்ட தோட்டத் தொழிலாளியும் மீனவரும் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைவதற்கான வழியும் வாகனமும் கோரப்படல் வேண்டும். இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதே நமது துணிபு.